ஊவாவின் பெயரும் ஓர் அணியின் வரலாறும்

புதிதாக ஒருவரைக் காணுமிடத்துத் தமிழர் முதலில் வினவுவன இரண்டு: பேர் யாது, ஊர் யாது என்பன. விளையாட்டு அணியொன்றுக்கோ இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. ஊரின் பெயரே அணியின் பெயராகி நிற்கும். அப்பெயரைத் தாங்கி ஆடுவோர் வெல்லும்போது ஊர் வென்றதாகவும், தோற்கும்போது ஊர் தோற்றதாகவும் மக்கள் கருதுவர். ஆயின் ஊர்ப்பெயரைச் சூட்டியதனால் மட்டும் ஓர் அணி அவ்வூரின் அணி ஆகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஊவாவின் அண்மைக்கால வரலாறு ஒரு நல்ல சான்றினைத் தருகின்றது. 2012 ஆம் ஆண்டில் ஊவாவின் பெயர் தாங்கிய துடுப்பாட்ட அணியொன்று ஸ்ரீலங்கா பிரிமியர் லீக் என்னும் சுற்றுப்போட்டியின் முதற் கிண்ணத்தை வென்றது. அடுத்த ஆண்டில் அவ்வணி இல்லை. அச்சுற்றுப்போட்டியின் ஓர் ஆட்டமேனும் ஊவா மண்ணில் நடைபெறவில்லை. வென்ற அணியொன்று தன் ஊரைக் காணாமலே தோன்றி மறைந்த கதை இது.

ஊவா பழமை வாய்ந்த நாடு. 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் அவர்களுக்கெதிராக 1817 இல் மூண்ட பெருங் கிளர்ச்சி ஊவா, வெல்லசைப் பகுதிகளிலேயே தொடங்கியது. 1886 இல் ஊவா தனி மாகாணமாக்கப்பெற்றது. பதுளை அதன் தலைநகராயிற்று. இக்காலத்தில் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் இம்மாகாணத்துள் அடங்கும். 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தொழிய, மலைச்சரிவுகளைத் தேயிலை கைக்கொண்டது. 1890 இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் ஊவாத் தேயிலையின் பெயரை உலகறியச் செய்தார். 1894 இற் பண்டாரவளையை எட்டிய புகையிரதப் பாதை, குன்றுகளைக் குடைந்தும் பள்ளங்களைப் பாலத்தால் தாண்டியும் 1924 இலேயே பதுளையை வந்தடைந்தது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமான அப்பாதையின் கடைசி நிலையம் பதுளை. தலைநகருக்கும் ஊவாவுக்குமிடையேயுள்ள இத்தூரம், பின்னர் கூறப்படும் வரலாற்றிலும் ஒரு பங்கு வகிக்கின்றது.

மலைநாட்டில் எவ்விளையாட்டும் முதலில் எதிர்கொள்ள வேண்டியது நிலத்தின் சரிவை. துடுப்பாட்டத்துக்கு விளிம்பிலிருந்து விளிம்புவரை 130 மீற்றருக்குக் குறையாத சமநிலம் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கும் 100 மீற்றர் நீளமான வெளி வேண்டும். தேயிலைத் தோட்டத்திற் சமமாக அமைந்த நிலமெல்லாம் தொழிற்சாலைக்கும் பிரட்டுக்களத்துக்கும் லயன்களுக்கும் போய்விடும். எஞ்சுவது சிறு துண்டு. அத்துண்டில் அடங்கக்கூடியது 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடைய கரப்பந்தாட்டத் தளமே. தோட்டத்து இளைஞரிடையே கரப்பந்தாட்டமும் மென்பந்துத் துடுப்பாட்டமும் வேரூன்றியமைக்கு விருப்பம் மட்டுமன்றி நிலத்தின் அமைப்பும் காரணமாகும். கிராமங்களிற் சித்திரைப் புத்தாண்டையொட்டி ஆடப்படும் எல்லே என்னும் ஆட்டமும் இவ்வாறே பெரும் முதலீடு வேண்டாதது; ஒரு தடியும் ஒரு பந்தும் போதும். பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி மீளும் அவ்வாட்டம் அமெரிக்கரின் பேஸ்போலுக்கு உறவுமுறை போலத் தோன்றுவது.

சமநிலம் வேண்டிய ஆட்டங்களைத் தோட்டத்துரைமார் தமக்கென வைத்துக்கொண்டனர். டிம்புளை, டிக்கோயா முதலிய இடங்களிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவர்களுடைய கழகங்கள் எழுந்தன. மலைநாட்டாருக்கும் கொழும்பாருக்குமிடையே துடுப்பாட்டமும் ரக்பியும் ஆடப்பெற்றன. தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட்டின் காலத்தில், 1926 இல், கிளிபர்ட் கிண்ணப் போட்டி தொடங்கியது. ஊவாத் துரைமாரும் இவ்வரிசையில் இடம்பெற்றனர். அக்கழகங்கள் ஊவா என்றும் டிம்புளை என்றும் பெயர் தாங்கினவெனினும், அப்பெயர்கள் குறித்தது அங்கு வாழ்ந்த மக்களையன்று. அம்மக்களை ஆண்ட சிறு கூட்டத்தையே. புல்லை வெட்டி மைதானத்தைப் பேணியவர்களுக்கு அணியில் இடமிருக்கவில்லை. 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் யுகம் முடிந்தது. அவர்களுடைய கழகங்களும் மங்கின. ஊவாவின் பெயரை முதன்முதலிற் சட்டையில் அணிந்தோர் இவ்வாறு விலகினர்.

நாட்டின் துடுப்பாட்டமோ கொழும்பிலே குவிந்தது. கழகங்களுக்கிடையே 1938 அளவில் ஒழுங்குபெற்ற போட்டி, 1950 களில் பா. சரவணமுத்து கிண்ணம் என வழங்கியது. அப்பெயருக்குரியவர் இலங்கைத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் முதற் றலைவராக 1948 இல் விளங்கியவர். அரச சேவையிலே தேயிலை, இறப்பர்க் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாயிருந்தவர். தமிழ் யூனியன் கழகத்துக்காக அவர் முன்னின்று அமைத்த மைதானத்திலேயே 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. தேயிலையின் கணக்கைப் பார்த்த ஒருவரின் பெயரில் தலைநகரில் மைதானம் இருக்க, தேயிலை விளையும் ஊவாவில் இன்றளவும் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றில்லை. பதுளை வின்சென்ட் டயஸ் அரங்கே மாகாணத் தலைநகரின் பொது விளையாட்டிடமாக உள்ளது.

கழகங்கள் பெரும்பாலும் கொழும்பைச் சூழ்ந்திருத்தலால் வெளியூர் இளைஞர் முன்னேற வழி குறைவு என்னும் குறை நெடுநாளாகக் கூறப்பட்டு வந்தது. இதற்கு மாற்றாகவே மாகாண அணிகள் என்னும் எண்ணம் எழுந்தது. இந்தியாவில் 2008 இல் தொடங்கிய பிரிமியர் லீக் பெருஞ் செல்வம் ஈட்டுவதைக் கண்டபின், இவ்வெண்ணத்துடன் வணிக நோக்கமும் சேர்ந்தது. 2011 நடுப்பகுதியில் ஸ்ரீலங்கா பிரிமியர் லீக் நடைபெறுமென அறிவிக்கப்பட்டது. மாகாணங்களின் பெயருக்குப் பின்னே ஒவ்வொரு விலங்கின் பெயர் ஒட்டப்பட்டது. ஊவாவுக்குக் கிடைத்தது யூனிகோர்ன். அதாவது, எந்தக் காட்டிலும் இல்லாத ஒற்றைக்கொம்புக் குதிரை. இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபை தன் வீரருக்கு அனுமதி மறுத்தது. போட்டி ஒத்திவைக்கப்பட்டது. அதனிடத்தில் மாகாணங்களுக்கிடையிலான 20 ஓவர் போட்டி நடைபெற, ருகுணை வென்றது.

மறு ஆண்டு திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. நாட்டின் ஒன்பது மாகாணங்களுக்கு ஏழு அணிகள் வகுக்கப்பட்டன. வடமத்திய, சப்பிரகமுவ மாகாணங்களுக்கு அணி இல்லை. ஏழு அணிகளின் உரிமையையும் இந்திய நிறுவனங்கள் விலைக்கு வாங்கின. ஊவா அணிக்கு ஊவா நெக்ஸ்ட் என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது. நெக்ஸ்ட் என்பதற்கு அடுத்தது என்பது பொருள். வீரரைத் தெரிந்தெடுத்த முறை அவர்களுடைய பிறப்பிடத்தையோ வாழிடத்தையோ அடிப்படையாகக் கொண்டதன்று. நியூசிலாந்தின் ஜேக்கப் ஓரம் முதலிய வெளிநாட்டவரும் கொழும்புக் கழகங்களில் வளர்ந்த இலங்கையரும் அவ்வணியில் ஒன்றுகூடினர்.

2012 ஆகஸ்ட் 10 ஆம் நாள் தொடங்கிய போட்டி 31 ஆம் நாள் முடிவுற்றது. ஏழு அணிகளும் ஒன்றையொன்று ஒருமுறை எதிர்கொள்ளும் 21 ஆட்டங்களும், இரு அரையிறுதிகளும், ஓர் இறுதியாட்டமுமாக 24 ஆட்டங்கள் வகுக்கப்பட்டன. அவை யாவற்றுக்கும் உரிய களங்கள் இரண்டே: கொழும்பு ஆர். பிரேமதாச அரங்கும் கண்டியை அடுத்த பல்லேகல அரங்கும். அந்த ஆகஸ்ட் மாதம் ஊவாவுக்குத் தனிச் சிறப்புடையது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை மலை கடந்து வரும் வறண்ட காற்றினாலே கொழுந்தின் மணம் செறிவுறும். ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெறுவது இப்பருவத்திலேயே. மலையில் அவ்வாண்டின் சிறந்த கொழுந்து கூடைகளை நிரப்பிக் கொண்டிருந்த வேளையில், கொழும்பில் ஊவாவின் பெயர் வெற்றிமேல் வெற்றி பெற்றது.

இறுதியாட்டத்தில் ஊவா நெக்ஸ்ட், கிழக்கு மாகாணத்தின் பெயர் தாங்கிய நாகெனஹிர நாகாஸ் அணியை எதிர்கொண்டது. மழை குறுக்கிட்டது. டக்வர்த் லூயிஸ் முறைப்படி ஊவா வென்றதாக முடிவு செய்யப்பட்டது. விரைந்து ஓட்டங்களைக் குவித்த தில்ஷான் முனவீர ஆட்டநாயகராகத் தெரிவுசெய்யப்பட்டார். இவ்வெற்றியாற் கிடைத்த உரிமையைக் கொண்டு, அவ்வாண்டு ஒக்ரோபரில் தென்னாபிரிக்காவில் நிகழ்ந்த சம்பியன்ஸ் லீக் போட்டிக்கும் அணி சென்றது. ஆயின் தகுதிச் சுற்றிலே இங்கிலாந்தின் யோர்க்ஷயர் அணியிடம் தோற்று, அச்சுற்றைத் தாண்டாமலே திரும்பியது. ஊவாவின் பெயர் ஆபிரிக்கா வரை சென்றது. பண்டாரவளை வரை வரவில்லை.

2013 ஆம் ஆண்டுச் சுற்று நடைபெறவில்லை. உரிமையாளர்கள் செலுத்த வேண்டிய பணம் உரிய காலத்திற் செலுத்தப்படாமையே காரணம். உரிமைகள் நீங்கின, அணிகள் கலைந்தன. அடுத்தது எனப் பெயர்பெற்ற அணிக்கு அடுத்த ஆண்டு இல்லாது போயிற்று. 2020 இல் லங்கா பிரிமியர் லீக் என்னும் வேறொரு போட்டி தொடங்கியபோது, கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து ஊர்களின் பெயர்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. முன்னைய போட்டியின் முதலும் முடிவுமான கிண்ணத்தை வென்ற ஊவாவின் பெயர் அவற்றுள் இல்லை.

இவ்வரலாற்றின் பொருளை விளங்குவதற்கு, சிற்றூர் அணிகளின் தாயகம் எனத்தக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. அந்நாட்டின் பேஸ்போல் இலங்கைக்கு முற்றிலும் அந்நியமானதன்று. உலகைச் சுற்றிவந்த அமெரிக்க அணிகள் 1889 இலும் 1914 இலும் கொழும்பில் இறங்கி ஆடிச் சென்றன. ஆட்டம் இங்கு வேரூன்றவில்லை. ஆயினும் அங்கு அது வேரூன்றிய முறை கருதத்தக்கது. பெருநகர்களின் பெரிய லீக்குக்குக் கீழே, சிறு நகர்களின் சிறிய லீக்குகள் 1901 இல் ஒரு சங்கமாக இணைந்தன. 1949 இல் இவ்வாறான 59 லீக்குகளும் 400 க்கு மேற்பட்ட அணிகளும் இருந்தன. அவ்வாண்டு ஏறத்தாழ 4 கோடிப் பார்வையாளர் அவற்றைக் கண்டனர். பெரிய அணிகள் சிறிய அணிகளைத் தமக்கு ஆட்டக்காரரை விளைவிக்கும் பண்ணைகள் என்றே வழங்கின. இளைஞன் சிற்றூரிற் பழகி, தேறி, பெருநகருக்குப் போய்விடுவான். சிற்றூருக்கு எஞ்சுவது என்ன? ஒரு மைதானம், கோடை மாலைகள், அடுத்த ஆண்டும் ஆட்டம் உண்டு என்னும் உறுதி.

அவ்வுறுதியும் என்றும் நிலைத்ததன்று. தொலைக்காட்சி வந்தபின் பார்வையாளர் குறைந்தனர். பல அணிகள் மறைந்தன. 2021 இல் பெரிய லீக் மேற்கொண்ட சீரமைப்பினால் இணைந்த அணிகள் 120 ஆகக் குறைய, ஏறத்தாழ 40 ஊர்கள் தம் இணைப்பை இழந்தன. ஆனால் நியூயோர்க் மாநிலத்து றொச்செஸ்டர் நகரின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகின்றது. அந்நகரின் அணியை நடத்திவந்த சென் லூயிஸ் அணியினர் 1957 அளவில் அதனைக் கைவிட முனைந்தனர். உள்ளூர் வணிகரான மொறி சில்வர் பொதுமக்களைத் திரட்டினார். ஒரு பங்கு 10 டொலராக விற்கப்பட, 8,222 பேர் பங்குதாரராயினர். அணியை நகரமே வாங்கிக்கொண்டது. அவ்வணி அதன்பின்னும் பல பெரிய அணிகளோடு இணைந்தும் பிரிந்தும் வந்ததெனினும், றொச்செஸ்டரை விட்டு நீங்கவில்லை.

இவ்வொப்பீட்டிலிருந்து அணிக்கும் ஊருக்குமுள்ள உறவை அளக்கத்தக்க மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன. முதலாவது மண்: ஊரார் நடந்துசென்று காணக்கூடிய களம். இரண்டாவது பங்கு: பணத்தாலோ உழைப்பாலோ ஆட்டக்காரராலோ ஊர் அணியில் உடையதாகும் உரிமை. மூன்றாவது காலம்: தோல்வியின் பின்னும் அணி தொடர்ந்திருத்தல். இம்மூன்றனுள் ஊவா நெக்ஸ்ட் அணிக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. பதுளையில் வாழ்ந்த ஒருவர் அவ்வணியை நேரிற் காண விரும்பின், பல மணிநேரம் பயணஞ்செய்து கண்டிக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருந்தது; தோட்டத் தொழிலாளிக்கோ அது ஒரு நாட் கூலியையும் இழப்பதாகும். அணியை வாங்கியோரும் விட்டோரும் ஊவாவுக்கு அப்பாற்பட்டவர்கள். தோற்றமும் மறைவும் ஓராண்டுக்குள் அடங்கின.

இதற்கு மறுப்பும் உண்டு. இரவு ஆட்டத்துக்கு ஒளிக்கோபுரங்களும், தொலைக்காட்சிக்கு வசதியும், வீரர் தங்க விடுதிகளும் வேண்டும். புதிதாகத் தொடங்கும் போட்டி அவற்றை மலைநாட்டு ஊரில் உடனே அமைத்தல் இயலாது என்பர். அது நியாயமே. பெயர் மட்டுமே இருந்தாலும் மக்கள் மனம் அதனைப் பற்றிக்கொள்ளும் என்பதற்கும் சான்றுண்டு. 2020 இல் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி, ஆட்டம் முழுவதும் அம்பாந்தோட்டையில் நிகழ்ந்தபோதிலும், யாழ்ப்பாணத்தாராலும் புலம்பெயர்ந்த தமிழராலும் தம் அணியென ஏற்கப்பட்டது. ஆனால் அங்கே பெயர் தனித்து நிற்கவில்லை. அணியை நடத்தியோரிற் புலம்பெயர்ந்த தமிழர் இருந்தனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணியிற் பந்து வீசினார். மண் இல்லாதவிடத்துப் பங்கு இருந்தது; அணி ஆண்டுதோறும் மீண்டு வந்தமையாற் காலமும் கூடிற்று. ஊவாவுக்கு இவ்வாறான ஈடு எதுவும் கிடைக்கவில்லை.

தோட்டங்களிலே பேர் என்னுஞ் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலை செய்து முழுக் கூலிக்கு உரியவராதலே அங்குப் பேர் எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர் இடப்படும். அவர் காலை முதல் மாலைவரை மலையில் நின்றாலும் பாதிக் கூலியே பெறுவார். இச்சொல்லின் கனத்தை ஊவாத் தமிழர் வேறு வகையிலும் அறிந்தவர்கள். 1947 தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுட் பதுளையும் பண்டாரவளையும் அடங்கும், எஸ். எம். சுப்பையாவும் கே. வி. நடராஜாவும் அவற்றின் உறுப்பினராயினர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வாக்குரிமை பறிக்கப்பட்டமையும் தோட்டத் தமிழரிற் பெரும்பான்மையோரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964 இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது. எஞ்சியோரின் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. உழைப்பு ஊவாவில் இருந்தது. பெயர் இடாப்பில் இல்லாதிருந்தது.

2012 இல் நிகழ்ந்தது இதன் மறுதலை. பெயர் இருந்தது, ஊவா இருக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. குடியுரிமை இழப்பு பல இலட்சம் மக்களின் வாழ்வைக் குலைத்தது. ஓர் அணியின் மறைவால் எவரும் நாடற்றவராகவில்லை. ஆயினும் இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஊவா என்னும் பெயர் எவரைக் குறிக்கின்றது என்பதை ஊவாவில் வாழ்வோர் தீர்மானிக்கவில்லை. தொலைவில் இருந்தோர் தீர்மானித்தனர். துரைமார் கழகமும் அவ்வாறே பெயரை எடுத்துக்கொண்டது. வணிக நிறுவனமும் அவ்வாறே எடுத்துக்கொண்டது. முன்னது ஊவாவின் மண்ணில் ஆடி ஊவா மக்களை வெளியே நிறுத்தியது. பின்னது அம்மண்ணுக்கே வரவில்லை.

ஆடிய வீரரின் திறமையை இக்கூற்று குறைப்பதன்று. அவர்கள் தமக்கு இடப்பட்ட பெயருக்கு நேர்மையாக ஆடி வென்றனர். அவ்வெற்றி ஏட்டில் நிலைத்தது. குறை, வென்ற பெயரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழி அமைக்கப்படாமையிலேயே உள்ளது. ஏலத்தில் தொடங்கிய அணி ஏலம் பிழைத்தவுடன் முடிந்தது. ஊவாவுக்கு மீண்டும் ஓர் அணி அமையுமாயின், அது தொடங்க வேண்டிய இடம் ஏலமேடையன்று. பதுளையிலும் பசறையிலும் வெலிமடையிலும் பாடசாலைகளுக்கெனச் சமன்செய்யப்படும் நிலத்துண்டுகள், மென்பந்தை விட்டுக் கடினபந்தைக் கையிலெடுக்கும் தோட்டத்து மாணவனுக்குக் கிடைக்கும் பயிற்சி, சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே ஆடும் மாவட்டப் போட்டிகள் ஆகியனவே அதன் அடித்தளமாதல் வேண்டும். றொச்செஸ்டர் மக்கள் 10 டொலர் கொடுத்து வாங்கியது வெற்றியையன்று. தோற்றாலும் தமதாயிருக்கும் ஓர் அணியை. 2012 ஆகஸ்ட் 31 ஆம் நாள் ஊவாவுக்குக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. தோட்டத்து வழக்கிற் கூறின், அன்று இடப்பட்டது அரைப்பேரே. முழுப்பேர் இடப்பட வேண்டிய நாள் இன்னும் வரவேண்டியுள்ளது.